குவில்ட்டில் எழுத்து: ஊசியா, ஒட்டுத்தாளா, பேனாவா?

நூல்கண்டு:
அண்ணன் மகளுக்காக ஒரு குவில்ட் தைக்கிறேன், துண்டுத் துணிகளை இணைத்து உள்ளே பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வை. மேல்துணி இணைத்தாகிவிட்டது. நடுவில் அவள் பெயர் பெரிதாகவும், ஓரத்தில் நான்கு வரிகள் சிறிதாகவும் வர வேண்டும். போன முறை அயர்ன் செய்தால் ஒட்டிக்கொள்ளும் தாளை வைத்து எழுத்துகளை ஒட்டினேன், ஓரம் தைக்கவில்லை. நாலைந்து சலவையில் 'ழ'வின் வால் பிய்ந்து எழும்பிவிட்டது. அதனால் இந்த முறை பெயர், வரிகள் எல்லாமே கை எம்பிராய்டரிதான். கையால் தைக்கும் போர்வையில் எழுத்து மட்டும் ஏன் வேறு வழியில் வர வேண்டும்?

ஊசிமுனை:
இதில் ஒட்டுத்தாளின் மேல் தவறே இல்லை. தைத்து முடிக்கும் வரை துணி நகராமல் பிடித்துக்கொள்வதுதான் அதன் வேலை. ஓரத்தைத் தையல்தான் காக்க வேண்டும். ஒரு சாண் உயர எழுத்தை வெறும் நூல்கோட்டில் போட்டால் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நிற்பவருக்குத் தெரியாது. துணியில் வெட்டிய எழுத்துதான் தெரியும். மெல்லிய தாளாக வாங்குங்கள். தையலே வேண்டாம் என்று விற்கும் தடித்த தாள் ஊசியில் பசையாக அப்பிக்கொள்ளும். அந்தத் தாளில் எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாற்றி வரையுங்கள். ஓரத்தில் தையல் இயந்திரத்தில் நெருக்கமான ஜிக்ஜாக் ஓட்டும்போது துணிக்கு அடியில் ஒரு தாள் இருக்கட்டும், இல்லையென்றால் சுருங்கிவிடும். வளைவில் திரும்பும்போது ஊசி துணிக்குள் இறங்கி நிற்க வேண்டும். வெளிவளைவு என்றால் எழுத்துக்கு வெளியே, உள்வளைவு என்றால் எழுத்தின் மேல். நம் எழுத்துகளில் சுழி அதிகம், அதனால் இந்தப் பழக்கம் இல்லாமல் முடியாது.

நூல்கண்டு:
முறை சரிதான். ஆனால் அந்த ஜிக்ஜாக் விளிம்பு விறைப்பாக இருக்கிறதே! குழந்தை கன்னம் வைத்துப் படுக்கிற இடம் அது. சங்கிலித் தையலை இரண்டு மூன்று வரிசை ஒட்டி ஒட்டிப் போட்டால் எழுத்துக்குப் போதுமான தடிமன் வரும், தொட்டாலும் மெத்தென்று இருக்கும். மெய்யெழுத்தின் புள்ளிக்கு ஒரு முடிச்சுத் தையல் போதும். துணியில் அந்தப் புள்ளியை வெட்டி ஒட்டிப் பாருங்கள், நகத்தளவுகூட வராது.

மைக்கூடு:
பெயரை விடுங்கள், அந்த நான்கு வரிகளைப் பற்றிப் பேசுவோம். அரை அங்குல எழுத்தில் நூறு எழுத்துக்கு மேல் வரும். அதற்குத் துணியில் எழுதும் நிறமிப் பேனா இருக்கிறது. துணியைத் துவைத்துக் கஞ்சி போக்கிவிட்டு, ஒரு பக்கம் பிளாஸ்டிக் பூசிய தாளை (ஃப்ரீசர் பேப்பர்) பின்னால் வைத்து அயர்ன் செய்தால் துணி நழுவாது. மெதுவாக எழுதி, காய்ந்ததும் நீராவி இல்லாமல் சூடு காட்டுங்கள். 1840களிலேயே அமெரிக்காவில் நண்பர்கள் ஆளுக்கொரு கட்டத்தில் மையால் கையெழுத்திட்டுக் குவில்ட் செய்து கொடுத்திருக்கிறார்கள். அவரவர் கையெழுத்து அப்படியே இருப்பது எவ்வளவு பெரிய விஷயம்!

நூல்கண்டு:
அதே காலத்துக் குவில்ட்டுகளில், மையில் இருந்த இரும்பு துணியை அரித்து, எழுத்து இருந்த இடம் ஓட்டையாகிப் போனதும் உண்டு. 1942இல் சிங்கப்பூரின் சாங்கி சிறையில் ஜப்பானியரால் அடைக்கப்பட்ட பெண்கள் 6 அங்குலச் சதுரங்களில் பெயர்களை நூலால் தைத்தார்கள். அந்தக் குவில்ட்டுகளில் இரண்டு இன்னும் ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் இருக்கின்றன. நூலை நம்புவதற்கு எனக்கு இது போதும்.

மைக்கூடு:
இன்றைய நிறமி மையில் அந்த இரும்பு இல்லை. வெயிலிலும் அடிக்கடி சலவையிலும் மங்கும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். தினமும் போர்த்துகிற போர்வை என்றால் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

ஊசிமுனை:
எய்ட்ஸால் இறந்தவர்களின் நினைவாகச் செய்யும் எய்ட்ஸ் நினைவுக் குவில்ட்டையும் சொல்ல வேண்டும். 1987இல் தொடங்கியது, அதில் சேரும் ஒவ்வொரு துணிப் பலகமும் 3க்கு 6 அடி. பலகம் செய்பவர்களுக்கு அதை நடத்துபவர்கள் சொல்வது, எழுத்துகளைத் தைத்துவிடுங்கள், பசை நிலைக்காது என்பதுதான். வெட்டிய எழுத்தோ நூல் எழுத்தோ, தைத்தால் நிற்கும். நான் என் இயந்திரத்தைக் கைவிட மாட்டேன், நீங்கள் உங்கள் ஊசியைக் கைவிட வேண்டாம்.

ஒட்டுத்துண்டு:
குறுக்கே ஒரு சந்தேகம். ஆங்கிலப் பெரிய எழுத்துகளைத் துண்டு துண்டாக இணைத்தே எழுத்தாக்குகிறார்களே, தமிழுக்கு அது வராதா?

ஊசிமுனை:
ட, ப, ம வரும். 'இ', 'ண' என்று போனால் வளைவுத் துண்டுகளிலேயே மாதக்கணக்காகும். சாய்வாக 45 பாகையில் வெட்டிய நாடா நன்றாக வளையும், சுழிக்கு அதைப் பயன்படுத்துங்கள்.

நூல்கண்டு:
நாடா எனக்குத் தோன்றவே இல்லை. பெயருக்கு அதையே வைத்து ஓரங்களைக் கையாலேயே தைக்கிறேன், ஜிக்ஜாக் வேண்டாம். நான்கு வரிகளுக்குப் பின்தையல் (பேக் ஸ்டிச்), எம்பிராய்டரி ஊசியும் இரண்டு இழை நூலும். மைக்கூடு, கோபிக்காதீர்கள்.

மைக்கூடு:
கோபமே இல்லை. ஆனால் வரைவதற்குச் சூட்டில் மறையும் பேனாவை எடுக்காதீர்கள், கடுங்குளிரில் கோடு திரும்பி வந்துவிடும். தண்ணீரில் அழியும் நீலப் பேனா என்றால் கழுவும் முன் அயர்ன் படவே கூடாது, கோடு நிலைத்துவிடும்.

ஊசிமுனை:
பஞ்சும் அடித்துணியும் சேர்ப்பதற்கு முன்னாலேயே எழுத்தை முடித்துவிடுங்கள். ஒரு எழுத்திலிருந்து அடுத்ததற்கு நூலைப் பின்னால் இழுத்துக்கொண்டு போக வேண்டாம், வெள்ளைத் துணியில் நிழலாடும். நாடாவின் நிறம் என்ன?

நூல்கண்டு:
கருஞ்சிவப்பு. சாயம் போகிறதா என்று இன்றைக்கே ஒரு துண்டை வெந்நீரில் போட்டுப் பார்க்கிறேன்.