படித்த புத்தகத்துக்கு மார்க் போட்ட அனுபவங்கள்: மூன்று பேர் சொல்கிறார்கள்

2004 முதல், படிக்கும் புத்தகங்களை ஒரு நோட்டில் குறித்து வருகிறேன். முடித்த தேதி, புத்தகத்தின் பெயர், யாரிடம் வாங்கியது, பத்துக்கு எத்தனை மார்க், அப்புறம் இரண்டு வரி. நீளமாக எழுத ஆரம்பித்தால் நாலாவது புத்தகத்தோடு நின்றுவிடும் என்று தெரிந்ததால் இரண்டு வரிதான்.

அந்த நோட்டின் அருமை 2019 கோடையில் புரிந்தது. கல்லூரி விடுதியில் இருந்தபோது அசோகமித்திரனின் 'தண்ணீர்' நாவலைப் படித்துவிட்டு நாலு மார்க் போட்டிருந்தேன். 'குழாய், குடம், டீச்சரம்மா. வேறொன்றும் நடக்கவில்லை' என்று ஒரு வரி. விடுதியில் குழாயைத் திருகினால் தண்ணீர் கொட்டிய நாட்கள் அவை.

2019 ஜூனில் சென்னைக்குத் தண்ணீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கு ஏரிகளும் கிட்டத்தட்ட வறண்டுவிட்டன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்தது, ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். எங்கள் தெருவுக்கு லாரி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ராத்திரி இரண்டு மணிக்கு ஹாரன் கேட்டால் குடங்களோடு ஓட வேண்டும். அப்படி விழித்துக் கிடந்த ராத்திரிகளில்தான் அந்த நாவலை மறுபடி எடுத்தேன். தண்ணீருக்காக ஜமுனா அலையும் பக்கங்களில் எனக்குத் தோள்பட்டை வலித்தது. ஒன்பதரை போட்டேன். இரண்டாவது வரியாக, 'எல்லாம் நடக்கிறது, தண்ணீர்தான் வரவில்லை' என்று எழுதினேன்.

பழைய நாலை அடிக்கவில்லை, அது அப்படியே பக்கத்தில் இருக்கிறது. நீங்களும் பழைய மார்க்கை அழித்துவிடாதீர்கள்.

*

நான் முதலில் ஒரு செயலியில்தான் குறித்து வந்தேன். அதில் முழு நட்சத்திரம் மட்டும்தான், அரை கிடையாது. அதுகூடப் பரவாயில்லை. நட்சத்திரம் போடும் இடத்திலேயே மற்றவர்கள் போட்டதும் கண்ணில் பட்டதுதான் என்னைக் கெடுத்தது. ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யை முடித்த இரவு, மெடான், பினாங்கு தெருக்கள் மனதை விட்டுப் போகவில்லை. ஆனால் நடுவே வரும் நீண்ட பேச்சுகளில் நான் தேங்கி நின்றதும் உண்மை. மேலே பார்த்தால் ஐந்து ஐந்தாக வரிசை. நானும் ஐந்து போட்டு 'அருமை' என்று எழுதிவிட்டேன். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது அந்த ஒற்றைச் சொல்லிலிருந்து எனக்கு எதுவுமே நினைவுக்கு வரவில்லை.

இப்போது எக்செல் கோப்பு வைத்திருக்கிறேன். புத்தகத்தை மூடிய அன்றே, யாருடைய கருத்தையும் பார்ப்பதற்கு முன்னால் எழுதிவிடுவேன். எங்கே தேங்கினேன் என்பதைப் பக்க எண்ணோடு குறிப்பேன். பாதியில் விட்டவற்றுக்கும் இடம் உண்டு, மார்க் மட்டும் கிடையாது.

*

எங்கள் அம்மாவிடம் நோட்டும் இல்லை, செயலியும் இல்லை. ஊர்க் கிளை நூலகத்தில் இருந்த நாவல்களை வாரத்துக்கு இரண்டாக எடுத்துவருவார். அட்டை போய், பைண்டிங் செய்த புத்தகங்கள். படித்ததையே மறுபடி எடுத்துவந்துவிடக் கூடாது என்பதற்காக, எல்லாவற்றிலும் 32ஆம் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார். படித்தாயிற்று என்றால் ஒரு புள்ளி. ரொம்பப் பிடித்திருந்தால் இரண்டு. நூலகப் புத்தகத்தில் கிறுக்கக் கூடாது என்று நான் சொல்வேன். "புள்ளிதானேடா, கண்ணுக்கே தெரியாது" என்பார்.

ஒருநாள் ஒரு புத்தகத்தை விரித்துக் காட்டினார். அதே 32ஆம் பக்கத்தில், அம்மாவின் இரட்டைப் புள்ளிக்குக் கீழே யாரோ ஒரு சின்னச் சுழி போட்டிருந்தார்கள். அதன்பிறகு நூலகத்தில் அம்மா முதலில் தேடியது அந்தச் சுழி இருக்கும் புத்தகங்களைத்தான்.