புதுப்பிப்பு: வெர்சாய் போய் வந்துவிட்டோம்

பிரான்சில் உள்ள வெர்சாய் அரண்மனையையும் தோட்டத்தையும் ஒரே நாளில் பார்க்க முடியுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். முடியும், ஆனால் தோட்டத்துக்கே பாதி நாள் ஒதுக்குங்கள்.

73 மீட்டர் நீளமுள்ள கண்ணாடி மண்டபத்தில் 357 கண்ணாடிகள். கிட்டே போனால் பழைய கண்ணாடிகளில் கரும்புள்ளிகள் படர்ந்திருப்பது தெரிகிறது. எனக்கு அந்தப் புள்ளிகளை விட்டு நகரவே மனமில்லை. 1919-ல் முதல் உலகப்போர் ஒப்பந்தம் கையெழுத்தானதும் இங்கேதான்.

அப்புறம் நீரூற்றுகள். பிரெஞ்சு மன்னர் 14ஆம் லூயி காலத்தைப் போலவே இன்றும் மேட்டுத் தொட்டிகளிலிருந்து தண்ணீர் தானாகவே இறங்கிவந்து பீறிடுகிறது. லத்தோனா ஊற்றில், பாதி தவளையாக மாறிவிட்ட மனிதர்களின் சிலைகளின் வாயிலிருந்து நீர் பாய்ந்தபோது மகள் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

ஊற்றுகள் எல்லா நாளும் ஓடாது, விசாரித்துப் போங்கள். திங்கட்கிழமை அரண்மனைக்கு விடுமுறை.