புதுப்பிப்பு: ஃபின்ஸ் மாற்றியாகிவிட்டது

ஸ்கூபாவில் (காற்றுக் கலனோடு நீருக்கடியில் நீந்துவது) இறங்கினாலே கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது, விறைப்பான ஃபின்ஸை (காலில் மாட்டும் நீச்சல் துடுப்புகள்) மாற்றலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். மாற்றிவிட்டேன். இப்போது குதிகால் திறந்த வகை. நீங்கள் சொன்னபடி நியோப்ரீன் (நுரை ரப்பர்) பூட்ஸைப் போட்டுக்கொண்டுதான் அளவு பார்த்தேன். வெறுங்காலுக்குக் கச்சிதமாக இருந்த அளவில் பூட்ஸ் பாதிகூட நுழையவில்லை! குதிகாலைப் பிடிக்க ரப்பர் பட்டைக்குப் பதில் ஸ்பிரிங் பட்டை. கையுறையோடும் ஒரே இழுப்பில் கழன்றுவிடுகிறது.

தகடு நடுவில் பிளந்த ஃபின்ஸையும் இரவல் வாங்கிப் பார்த்தேன். மேலும் கீழுமாக உதைக்கும்போது காலுக்குச் சுகம்தான். ஆனால் தவளை உதைப்பில் பிடிமானமே இல்லை. பின்னோக்கி நகர்வது அதைவிட மோசம். ஆகவே நான் எடுத்தது நடுத்தர விறைப்புள்ள, பிளவில்லாத ஒற்றைத் தகடு. மூன்று முறை இறங்கியாயிற்று, கெண்டைக்கால் முணுமுணுக்கவில்லை. முழங்காலை மடக்கி மிதிவண்டி மிதிப்பதுபோல் நான் உதைத்ததும் ஒரு காரணமாம். அது திருந்த இன்னும் நாளாகும்.