நாற்றங்காலுக்காக அடைத்த கோழிகள் இறகு பிடுங்குகின்றன, மூக்கை வெட்டலாமா?

வெண்ணாற்றங்கரை:
திருத்துறைப்பூண்டி பக்கம். சம்பாவுக்கு விதை விட்டதிலிருந்து கோழிகளை வெளியே விட முடியவில்லை. பக்கத்து நாற்றங்காலில் இறங்கினால் சண்டைதான். 12 நாட்டுக்கோழி, 1 சேவல், 8-க்கு 6 அடி கம்பிவலைக் கூண்டு. தீவனம் குருணையும் தவிடும். நாலைந்து கோழிகளுக்கு வால் மேல் இறகே இல்லை, ஒன்றுக்கு ஆசனவாயில் ரத்தக்காயம். பிடுங்கிய இறகைத் தின்னவும் செய்கின்றன. மூக்கை வெட்டச் சொல்கிறார்கள். வெட்டலாமா?

கருக்காய்:
வேண்டாம். பண்ணைகளில் 7–10 நாள் குஞ்சுக்குச் சூட்டுக் கத்தியால் செய்வது அது. வளர்ந்த கோழிக்கு வெட்டினால் ரத்தம் கொட்டும், தீனி எடுக்காது, கொத்தும் காரணமும் அப்படியே இருக்கும்.

காயம்பட்டதை இன்றைக்கே பிரியுங்கள். ரத்தச் சிவப்பைக் கண்டால் மற்றவை விடாது, குடலையே இழுத்துவிடும். பஞ்சாரத்தில் (கோழி கவிழ்க்கும் மூங்கில் கூடை) போட்டு அதே கூண்டுக்குள் வையுங்கள். வேறு இடத்துக்குக் கொண்டுபோனால் திரும்ப விடும்போது புதுக்கோழி என்று அடிக்கும். உப்புத் தண்ணீரில் கழுவி, மஞ்சள்தூளை வேப்பெண்ணெயில் குழைத்துத் தடவுங்கள். சிவப்பு மறையும், ஈயும் அண்டாது. புழு வைத்திருந்தால் தேங்காய் எண்ணெயில் கற்பூரம் கரைத்து விட்டு, வெளியே வருவதை இடுக்கியால் எடுங்கள்.

அடுத்தது இடம். பகல் முழுக்க அடைத்தால் ஒன்றுக்கு 8–10 சதுர அடி வேண்டும். உங்களிடம் 4 கூட இல்லை. பழைய மீன்வலையை மூங்கில் முளையில் கட்டிக் கொல்லையில் ஒரு முற்றம் நீட்டுங்கள். தரையில் வைக்கோலும் கருக்காயும் (பதர் நெல்) அரையடி பரப்பி, அதில் ஒரு கைப்பிடி நெல்லை இறையுங்கள். கிளறுகிற கோழிக்கு அடுத்தவள் முதுகு ஞாபகம் வராது.

தீவனத்தட்டு:
இறகைத் தின்பதுதான் முக்கியத் தடயம். குருணையில் புரதம் 8 சதவீதம்தான், முட்டைக்கோழிக்கு 16 தேவை. 10 கிலோவுக்கு: மக்காச்சோள ரவை 3.5, குருணை 2, கடலைப் புண்ணாக்கு 1.5, தவிடு 1.4, கருவாட்டுத்தூள் 800 கிராம், கிளிஞ்சல் தூள் 700 கிராம், தாது உப்புக் கலவை 100 கிராம். ஒரு கோழிக்கு நாளைக்கு 100–110 கிராம். ஒரு வாரத்தில் பழையதோடு கலந்து கலந்து மாற்றுங்கள். அடைமழைக் காலத்துப் புண்ணாக்கில் பூசணவாடை அடித்தால் தூரப் போடுங்கள். அந்தப் பூசண நஞ்சு ஈரலைக் கெடுக்கும். தட்டு இரண்டு இடத்தில் இருக்கட்டும், இளைத்தவைக்கும் கிடைக்கும்.

நாகை கடற்கரை:
கருவாடு என்றதும் கடைக்கருவாட்டை இடித்துப் போட்டுவிடாதீர்கள். உப்புப் போடாமல் வெயிலில் காய்ந்த பொடிமீன் கேளுங்கள். உப்புக் கருவாடு போட்டால் தண்ணீராகக் கழியும், அளவு மீறினால் சாகும்.

வெண்ணாற்றங்கரை:
நன்றி அண்ணே. முட்டையைக் கூண்டு மூலையிலேயே இடுகின்றன, தனிப்பெட்டி இல்லை. அதனால் ஏதும் உண்டா?

கருக்காய்:
ஆசனவாய்க் காயம் அதில்தான் வந்திருக்கும். முட்டை இட்டதும் ஆசனவாய் சற்று நேரம் வெளியே பிதுங்கிச் சிவந்து நிற்கும். வெளிச்சத்தில் இட்டால் பின்னால் நிற்பது கொத்தும். 12-க்கு 3 பெட்டி, ஓரடிச் சதுரம், வாயில் சாக்குத் திரை. உட்காரும் கழி இரண்டடிக்கு மேலே இருக்கட்டும். ஓரடி உயரம் என்றால் கீழே நிற்கும் கோழியின் மூக்குக்கு நேராக வால் இருக்கும்.

இரவு டார்ச் அடித்துக் கழியின் இடுக்குகளையும் ஆசனவாய் இறகடியையும் பாருங்கள். செள் (பேன் போன்ற சிறு பூச்சி) இருந்தால் அரிப்பில் தானே பிடுங்கிக்கொள்ளும். அடுப்புச் சாம்பலும் மணலும் சரிபாதி, ஒரு தகரத்தில் மழை படாமல் வைத்தால் அவையே புரளும். நடுமுதுகில் மட்டும் இறகு ஒடிந்திருந்தால் அது சேவல் மிதித்தது, கொத்தல் இல்லை.

பிடுங்கிய இடத்தில் சில வாரத்தில் முளைக்கும். அந்தக் குருத்திறகில் ரத்தம் ஓடும் என்பதால் அதையும் கொத்தும், அது முழு இறகாகும் வரை மருந்துப் பூச்சை நிறுத்தாதீர்கள். தண்டு ஒடிந்து தோலில் நிற்பவை மட்டும் அடுத்த இறகு உதிர்ப்பில்தான் மாறும்.