கிணற்றில் ஈ.கோலி இல்லை என்று ரிப்போர்ட். வைரஸுக்கு என்ன செய்வது? (செபராங் பிறை, மலேசியா)

கோயில்_செயலாளர்:
வணக்கம். எங்கள் கோயில் மடப்பள்ளியும் பக்கத்தில் 9 வீடுகளும் ஒரே உறைக்கிணற்றை நம்பியிருக்கின்றன. விட்டம் 1.2 மீட்டர், தண்ணீர் ஆழம் 3 மீட்டர். மண் மணற்பாங்கானது. ஆகக் கிட்டத்தில் உள்ள செப்டிக் டேங்க் 18 மீட்டரில் இருக்கிறது. பம்ப் போட்டு, 1 மைக்ரான் ஃபில்டர் வழியாக 400 கேலன் டேங்கில் ஏற்றுகிறோம். ரிப்போர்ட்டில் ஈ.கோலி (மலக்கழிவு கலந்ததைக் காட்டும் பாக்டீரியா) இல்லை, கலங்கல் 2 என்.டி.யு. (கலங்கலை அளக்கும் அலகு), இரும்பு 0.9, அம்மோனியா 0.4 மி.கி./லிட்டர். நோரோவைரஸ், ஹெபடைடிஸ் ஏ பயம் தேவையா? யு.வி. விளக்கு மட்டும் போட்டால் போதுமா? குளோரின் என்றால் எவ்வளவு?

ஆய்வக_மேசை:
வணக்கம் ஐயா. ஈ.கோலி இல்லை என்பதை வைத்து வைரஸும் இல்லை என்று சொல்ல முடியாது. ஈ.கோலி 1 மைக்ரானுக்கு மேல் நீளம், மண்ணில் சிக்கிக்கொள்ளும். ஹெபடைடிஸ் ஏ வைரஸ் சுமார் 0.03 மைக்ரான்தான். மணல் இடுக்கில் நழுவி வெகுதூரம் போகும், நிலத்தடி நீரில் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். உங்கள் 1 மைக்ரான் ஃபில்டர் அதற்குத் திறந்த வாசல் மாதிரி.

செபராங் பிறையில் பெர்மாத்தாங் என்று தொடங்கும் ஊர்களெல்லாம் பழைய கடற்கரை மணல் மேடுகள். அப்படிப்பட்ட மண் என்றால் 18 மீட்டர் இடைவெளியை நம்பாதீர்கள். பொதுவாகச் சொல்லும் 30 மீட்டர்கூட மணலில் உத்தரவாதம் இல்லை.

நேரடியாக வைரஸைத் தேட நூற்றுக்கணக்கான லிட்டரை வடிகட்டிச் செறிவாக்க வேண்டும். செலவு அதிகம், ஒரு நாள் முடிவு மறுநாளுக்குப் பொருந்தாது. அந்தப் பணத்தில் நல்ல மழைக்கு மறுநாள் ஒரு மாதிரி, வறண்ட காலத்தில் ஒரு மாதிரி எடுத்து அம்மோனியா, நைட்ரேட், குளோரைடு, சோமாட்டிக் கோலிஃபேஜ் (ஈ.கோலியைத் தாக்கும் வைரஸ், மலக்கழிவு வைரஸ் வரக்கூடும் என்பதற்கு அடையாளம்) பாருங்கள். சதுப்பு மண்ணிலேயே அம்மோனியா ஊறும். ஆனால் மழைக்குப் பிறகு இவை சேர்ந்து ஏறினால் செப்டிக் கசிவைச் சந்தேகிக்க வேண்டியதுதான்.

பம்ப்_பட்டர்வொர்த்:
யு.வி. மட்டும் போதாது அண்ணே. இரும்பு 0.3க்கு மேல் போனால் விளக்கைச் சுற்றியுள்ள குவார்ட்ஸ் குழாயில் செம்மண் நிறத்தில் படலம் படியும், ஒளி தண்ணீருக்குள் இறங்காது. உங்களுக்கு அது மூன்று மடங்கு. வீட்டு யு.வி. கருவிகள் வழக்கமாகச் சதுர சென்டிமீட்டருக்கு 40 மில்லிஜூல் ஒளி அளவுக்கு வருகின்றன. அடினோவைரஸை 99.99% முடக்க 186 தேவை. மின்சாரம் போனால் பாதுகாப்பும் போச்சு.

குளோரின்தான் வழி. 25 டிகிரியில், பி.எச். 6 முதல் 9க்குள், வைரஸை 99.99% முடக்க குளோரின் அளவை (மி.கி./லிட்டர்) அது தண்ணீரில் இருக்கும் நிமிடத்தால் பெருக்கினால் 2 வந்தால் போதும் என்று அமெரிக்க அட்டவணை சொல்கிறது. ஆனால் அது தனி குளோரினுக்கு, அதாவது எதோடும் சேராமல் மிஞ்சி நிற்கும் குளோரினுக்கு. அம்மோனியாவோடு சேர்ந்து குளோராமின் ஆகிவிட்டால் அதே வேலைக்குக் கிட்டத்தட்ட 500 வேண்டும்! உங்கள் கிணற்றின் சிக்கலே இதுதான். 0.4 அம்மோனியாவைத் தாண்ட அதன் 8 முதல் 10 மடங்கு, அதாவது 3.2 முதல் 4 மி.கி. குளோரின் போகும். இரும்பு இன்னும் 0.6 தின்னும். அதற்குப் பிறகு மிஞ்சுவதுதான் வேலை செய்யும்.

கணக்கை மட்டும் நம்பாமல் வாளியில் பாருங்கள். 65% கால்சியம் ஹைப்போகுளோரைட் தூள் 15 கிராமை 1 லிட்டர் தண்ணீரில் கரைத்தால் சுமார் 1% கரைசல். தண்ணீரில்தான் தூளைப் போட வேண்டும், தூளின் மேல் தண்ணீர் ஊற்றக்கூடாது. அடியில் வெள்ளைச் சுண்ணாம்பு தங்கும், தெளிவை மட்டும் எடுங்கள். 20 லிட்டர் வாளி நான்கில் 4, 8, 10, 12 மில்லி விடுங்கள், அது 2, 4, 5, 6 மி.கி. அரை மணி நேரம் கழித்து டி.பி.டி. 1 மாத்திரையால் (தனி குளோரின் இருந்தால் தண்ணீரை இளஞ்சிவப்பாக்கும் சோதனை மாத்திரை) பார்த்து, தனி குளோரின் 0.5 மி.கி. காட்டும் வாளியைப் பிடியுங்கள். மஞ்சள் நிறம் காட்டும் பழைய சொட்டு மருந்து வேண்டாம், அது தனி குளோரினையும் குளோராமினையும் சேர்த்துக் காட்டி ஏமாற்றும். 5 மி.கி. வாளி தேறினால், 1,800 லிட்டர் டேங்குக்கு 900 மில்லி கரைசல்.

நீச்சல்குள மாத்திரையை வாங்காதீர்கள். அதிலுள்ள சயனூரிக் அமிலம் குளோரினைக் கட்டிப்போடும். அதை இந்தத் தூளோடு கலந்தால் வெடிக்கவும் கூடும்.

கோயில்_செயலாளர்:
நன்றி. மடப்பள்ளிக்குத் தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும்போது டேங்கில் அரை மணி நேரம் எப்படிக் கிடைக்கும்?

பம்ப்_பட்டர்வொர்த்:
கிடைக்காது. 1,800 லிட்டர், நிமிடத்துக்கு 20 லிட்டர் எடுத்தால் 90 நிமிடம் என்று தோன்றும். உள்ளே தடுப்பு இல்லாத டேங்கில் புதுத் தண்ணீர் குறுக்கே ஓடி வெளியேறிவிடும், பத்தில் ஒரு பங்கு நேரத்தைத்தான் கணக்கில் எடுக்கலாம். 9 நிமிடம். டேங்க் பாதி காலியானால் நாலரை. 0.5 மி.கி.யோடு பெருக்கினால் 2.25, விளிம்பில் நிற்கிறது.

இரண்டு டேங்க் வையுங்கள். ஒன்றை நிரப்பி, கரைசல் விட்டு, கலக்கி, வால்வை மூடுங்கள். அரை மணி கழித்து டி.பி.டி. பார்த்து 0.5 இருந்தால் திறங்கள். அன்னதான நாளில் அதிகாலையிலேயே இரண்டும் தயாராக இருக்கட்டும். ஐஸ், காய்கறி கழுவுவது, பல் துலக்குவது எல்லாம் இந்தத் தண்ணீரில்தான். டி.பி.டி. சோதனையில் இளஞ்சிவப்பு வந்து உடனே வெளுத்துப்போனால் குளோரின் இல்லை என்று நினைத்து மேலும் ஊற்றிவிடாதீர்கள். அளவு மிஞ்சினாலும் நிறம் வெளுக்கும். நல்ல தண்ணீர் கலந்து மறுபடி பாருங்கள்.

சுகாதாரப்_பிரிவு_ஓய்வு:
குளோரினோடு மூலத்தையும் பாருங்கள். செப்டிக் டேங்கைத் திறந்து கழிவை உறிஞ்சி எடுக்கச் சொல்லுங்கள், காலியானதும் சுவரில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்கலாம். கிணற்றின் மேல் 3 மீட்டர் உறை இணைப்புகளைச் சிமெண்டால் அடையுங்கள். சுற்றிலும் 1.5 மீட்டர் அகலத்துக்கு வெளிச்சரிவோடு தளம், மேலே மூடி, வாளி இறங்கவே கூடாது. பம்பை ஒரே மூச்சில் வேகமாக ஓட்டாமல் மெதுவாக நீண்ட நேரம் ஓட்டுங்கள். நீர்மட்டம் சட்டென்று இறங்கினால் செப்டிக் பக்கத்து நீரை அது இழுத்துக்கொண்டு வரும்.

2017 நவம்பரில் வந்தது போல வெள்ளம் கிணற்றுக்குள் இறங்கினால் அன்றாட அளவு பயன்படாது. முதலில் கலங்கல் போகும் வரை இறைத்துவிடுங்கள். உங்கள் கிணற்றில் சுமார் 3,400 லிட்டர் இருக்கிறது. 100 மி.கி. அளவுக்கு 65% தூள் 520 கிராம் கரைத்து ஊற்றி, குழாய்களிலும் வாசனை வரும் வரை ஓடவிட்டு, 24 மணி நேரம் மூடி வையுங்கள். பிறகு இறைத்து வெளியேற்றுங்கள், சாக்கடையில் வேண்டாம், மீன் செத்துவிடும். அதுவரை குடிக்கும் தண்ணீரை நன்றாகத் தளதளவென்று கொதிக்கவிட்டு எடுங்கள். மாவட்டச் சுகாதார இலாகாவுக்குத் தகவல் கொடுத்து மறு பரிசோதனை கேளுங்கள்.