870 ஈவோ: 60 டிபி எழுதியாச்சு, மாத்தணுமா?

கேள்வி: சாம்சங் 870 ஈவோ எஸ்எஸ்டி, 500 ஜிபி. இதுவரை 60 டிபி எழுதியிருக்கு, தினமும் சுமார் 30 ஜிபி. இன்னும் எவ்வளவு நாள் தாங்கும்?

பதில்: மாத்த வேண்டாம் சார். 300 டிபி அல்லது 5 வருஷம், எது முந்துதோ அதுதான் வாரண்டி எல்லை. மீதி 240 டிபி, உங்க வேகத்துக்கு 20 வருஷம் தாண்டும். டேட்டாவைச் சேமிக்கிற மெமரி செல் எழுதி எழுதித் தேய்ந்து சாகிறது அபூர்வம். டிரைவை இயக்குற சிப்பான கன்ட்ரோலர் படுத்தாதான் ஆபத்து: முன்னறிவிப்பே இல்லாம, கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது வர்ற பயாஸ்லகூட டிரைவ் தெரியாது.

பதில்: ஹெல்த் சதவீதத்தை மட்டும் நம்பாதீங்க. டிரைவ் நிலையைக் காட்டுற கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருள்ல 05 வரிசையோட ரா வேல்யூ பாருங்க, கெட்டுப்போய் மாத்தப்பட்ட பகுதிகளோட எண்ணிக்கை அது. ஏறிக்கிட்டே போனா அன்னிக்கே காப்பி எடுத்துடுங்க.

பதில்: அந்தக் காப்பியை பழைய எஸ்எஸ்டியில போட்டு பீரோவுல வைக்காதீங்க. முழுசா தேய்ந்த டிரைவ் கரண்ட் இல்லாம 30 டிகிரியில ஒரு வருஷம் டேட்டாவைக் காப்பாத்தணும், சிப், மெமரிக்கு தரம் வகுக்கிற ஜெடெக் அமைப்போட தரம் கேட்கிறது அவ்வளவுதான். சூடு கூடினா அதுவும் குறையும். ஹார்ட் டிஸ்க் வாங்குங்க.