1945 டென்மார்க்: ஜெர்மன் அகதிக் குழந்தைகளுக்கு வைத்தியம் மறுத்தது உண்மையா?

வாசுகி கேட்டது:
டென்மார்க் என்றாலே 1943 அக்டோபரில் ஏழாயிரம் யூதர்களைப் படகேற்றி ஸ்வீடனுக்குத் தப்ப வைத்த கதைதான் எனக்கு நினைவு வரும். அதில் மருத்துவர்கள் யூதர்களை ஆஸ்பத்திரிக்குள்ளேயே ஒளித்து வைத்தார்கள். அதே நாட்டில் 1945-இல் மட்டும் 13,000-க்கும் மேற்பட்ட ஜெர்மன் அகதிகள் செத்தார்கள், பாதிக்கு மேல் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் என்று படித்தேன். மருத்துவர்கள் பார்க்க மறுத்தார்களாமே? நிஜமா, ஊதிப் பெருக்கியதா?

பழைய ஏடு:
எண்ணிக்கை சரி. கிர்ஸ்டன் லூலோஃப் என்ற டேனிஷ் மருத்துவர் (வரலாற்று ஆய்வாளரும் கூட) 1999-இல் எழுதிய பிறகுதான் அங்கேயே இது பெரிய பேச்சானது. 1945 பிப்ரவரியிலிருந்து மே வரை, சோவியத் படைக்குப் பயந்து அன்றைய ஜெர்மனியின் கிழக்கு ஓரமான கிழக்குப் பிரஷ்யா, பொமரேனியா பக்கமிருந்து சுமார் இரண்டரை லட்சம் பேர் கப்பலில் வந்து இறங்கினார்கள். பெண்கள், குழந்தைகள், கிழவர்கள்தான் அதிகம். டென்மார்க்கில் அப்போது மொத்தமே 40 லட்சம் பேர், நாடோ இன்னும் ஜெர்மன் பிடியில், சம்மதம் யாரும் கேட்கவில்லை. மார்ச்சில் மருத்துவர் சங்கம் கையை விரித்தது. ஜெர்மானியர் 1944 செப்டம்பரில் சுமார் 2,000 டேனிஷ் போலீஸ்காரர்களைப் பிடித்துப் போயிருந்தார்கள், ஜெர்மன் முகாமில் கிடக்கும் நம் ஆட்களை விட்டால் அகதிகளைப் பார்க்கிறோம் என்று பேரம். பேரம் பேசியது நாஜிகளிடம், விலை கொடுத்தது வயிற்றுப்போக்கும் தட்டம்மையும் வந்த குழந்தைகள்.

ஆற்றங்கரை:
கொஞ்சம் பொறுங்கள். நடுக்குளிரில் நெரிசல் கப்பலில் வந்த பிள்ளைகள், பாதி உயிரோடுதான் இறங்கின. அந்த வருஷம் ஜெர்மனியிலேயே குழந்தைகள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். எல்லாப் பழியையும் மருத்துவர் தலையில் போடுவதை அங்குள்ள வரலாற்றாளர்கள் சிலரே ஏற்கவில்லை. ஐந்து வருஷம் ஆக்கிரமிப்பில் இருந்தவனிடம் போய் ஏன் இரக்கப்படவில்லை என்று கேட்பது நமக்குச் சுலபம்.

பழைய ஏடு:
கப்பலிலேயே பாதி உயிர் போனது சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாதி உயிரோடு வந்த பிள்ளைக்குத்தானே முதலில் டாக்டர் வேண்டும்?

வடக்குக் காற்று:
நான் இருப்பது டென்மார்க்கின் ஜட்லாண்டில், இலங்கையிலிருந்து வந்த எங்கட ஆட்கள் கனபேர் இந்தப் பக்கம்தான். போன கோடையில் ஒக்ஸ்போல் போய் வந்தோம். அங்கேதான் ஜெர்மன் அகதிகளின் பெரிய முகாம், ஒரு கட்டத்தில் 35,000 பேர். பள்ளிக்கூடம், நாடகக் கொட்டகை எல்லாம் உள்ளேயே, சுற்றிவர முள்கம்பி, வெளியே இருக்கும் டேனிஷ் சனத்தோடு கதைக்கத் தடை. கடைசி ஆட்கள் ஊர் திரும்பியது 1949 பிப்ரவரியில். முகாமின் ஆஸ்பத்திரிக் கட்டடம் 2022-இல் அகதிகள் அருங்காட்சியகமாகிவிட்டது. பக்கத்து மயானத்தில் கற்சிலுவைகள் வரிசையாக நிற்கும், ஒரே சிலுவையின் இரண்டு பக்கமும் பெயர்கள். என் மகள் ஒவ்வொன்றாய்ப் பிறந்த தேதியையும் இறந்த தேதியையும் கழித்துப் பார்த்துக்கொண்டு வந்தவள், நாலாவது வரிசையில் நிறுத்திவிட்டாள்.

வாசுகி:
நன்றி. அந்தப் போலீஸ்காரர்கள் என்ன ஆனார்கள்?

பழைய ஏடு:
சிலர் ஜெர்மன் முகாமிலேயே இறந்தார்கள். மற்றவர்களில் பலர் போர் முடியும் முன்பே, ஸ்வீடன் செஞ்சிலுவைச் சங்கத்தின் வெள்ளைப் பேருந்துகளில் வீடு வந்து சேர்ந்தார்கள். அகதிப் பிள்ளைகள் அந்தக் கோடையிலும் செத்துக்கொண்டுதான் இருந்தன.